நாற்றோடு நாற்றாய் நின்ற புல்

ஆரணி என்ற பெயரைக் கேட்டதும் பட்டுச் சேலையை நினைப்பவர் பாதி. அரிசியை நினைப்பவர் மீதி. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூர் இரண்டுக்கும் பெயர் பெற்றது. தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைக் கடந்தால் அரிசி ஆலைகள். ஆலைகளைக் கடந்தால் ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமுமாக நெல்வயல்கள். பட்டைப் பற்றி எழுதியவர்கள் நிறைய உண்டு. நான் எழுத வந்தது வயலைப் பற்றி. அதிலும், யாரும் விதைக்காமல் முளைத்து, விதைத்த பயிரைப் போலவே நின்றுவிடுகிற ஒன்றைப் பற்றி.

மேனாட்டுத் தோட்டக்கலை நூல்களில் வசந்தகாலப் பகுதியில் ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். பனி விலகியபின் மண்ணைப் பிளந்து வரும் முளைகளில் நாம் விதைத்தது எது, தானாய் வந்தது எது என்று கண்டறிவது எப்படி என்பதே அதன் பொருள். நமக்குப் பனி விலகும் வசந்தம் கிடையாது, இளவேனில் உண்டு. வட ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் சித்திரை வெயிலோடு தொடங்கும் நெற்பருவத்துக்குச் சொர்ணவாரி என்று பெயர். நாற்று நட்டுப் பதினைந்து இருபது நாள் கழித்து முதற்களை எடுக்க வயலில் இறங்கும் பெண்களுக்கு முன்னால் நிற்பதும் அதே கேள்விதான். தோட்டக்காரருக்கு அது பொழுதுபோக்கு, இவர்களுக்குக் கூலி. தோட்டக்காரர் தவறாகப் பிடுங்கினால் ஒரு பூச்செடி போகும். இங்கே தவறினால் ஒன்று நெல் போகும், அல்லது களை தங்கும். தங்கிய களை அடுத்த பருவத்துக்கும் அதற்கடுத்த பருவத்துக்கும் விதையை மண்ணில் சேர்த்துவிடும்.

இந்தக் கேள்விக்குத் தமிழிலக்கியம் என்ன விடை வைத்திருக்கிறது என்று தேடிப்பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

தொண்டை நாட்டுக்காரர்கள் பெருமைப்படத்தக்க சான்று ஒன்றிலிருந்து தொடங்கலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணன் செல்லும் வழியிலுள்ள மருதநிலம் விரிவாக வருகிறது. சேற்றைச் சமப்படுத்திய உழவர்கள் முடிநாற்றை அழுத்தி நடுகிறார்கள். களையெடுப்பவர்கள் பறித்துப் போட்ட நெய்தற் பூ சிறுவர் கைக்கு வருகிறது. அது சலித்துவிட்டால் அவர்கள் முள்ளிப்பூவைத் தேடிப் போகிறார்கள். சங்க காலத்திலேயே இந்த நாட்டில் நாற்றை முடியாகக் கட்டி நட்டார்கள், நட்டபின் களையெடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆரணி வயல்கள் அந்தக் காஞ்சிக்கு எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருப்பவை.

புறநானூற்றின் அறுபத்தொன்றாம் பாட்டில் மதுரைக் குமரனார் இதே காட்சியைச் சோழநாட்டில் வைத்துக் காட்டுகிறார். கொண்டை முடித்துத் தழையுடுத்த கடைசியர், நெய்தலையும் ஆம்பலையும் வயலிலிருந்து களைகிறார்கள். கடைசியர் என்பது உழவுத்தொழிலாளர் குடியின் பெண்களைக் குறிக்கும் சொல். பாட்டின் தலைவன் சோழன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நலங்கிள்ளி சேட்சென்னி. அவன் பெயருக்கு இவ்வளவு நீளம். களையெடுத்தவர்களுக்கு மிஞ்சியது குடிப்பெயர் மட்டும்.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சியாக ஒன்று. இப்பாட்டில் களையெடுத்தலைக் குறிக்க வரும் வினை 'கள்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. உழவு அதிகாரத்தில் எரு, களை, நீர், காவல் என்று வள்ளுவர் வேளாண் பணிகளை ஒப்பிடுமிடத்திலும் இதே வினைதான். ஆகத் தமிழில் களை என்பது ஒரு செடியின் பெயரன்று. ஒரு செயலின் பெயர். களையப்படுவது எதுவோ அதுவே களை. நெய்தல் ஒரு திணைக்கே பெயர் கொடுத்த பூ. கழிக்கரையில் தலைவியின் கண்ணுக்கு உவமை. அதே செடி மருதநில வயலில் முளைத்தால் பிடுங்கி வரப்பில் எறியப்படும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதே தீர்ப்பு.

கம்பர் இதைத் தமக்கே உரிய குறும்போடு கையாண்டார். நாட்டுப் படலத்தில் கோசல நாட்டு வயல்களைச் சொல்லும்போது அங்கே களையே இல்லை என்கிறார். உழத்தியரின் கண், கை, கால், முகம், வாய் ஆகியவற்றை ஒத்த மலர்களே அங்குள்ள களை. அவற்றைப் பிடுங்க மனமில்லாமல் கள்ளுண்ட மள்ளர் வயலில் சும்மா உலாவிக்கொண்டு நிற்கிறார்களாம். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள்; சிரிக்க வேண்டிய பாட்டுத்தான். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது: ஒப்புமை களையைக் காப்பாற்றுகிறது. கம்பர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, வயலில் நடப்பது அதுவே. ஒரு திருத்தம் வேண்டும். பெண்ணைப் போலிருந்து பிழைத்த களையைக் கம்பர் பாடினார். நெல்லைப் போலிருந்து பிழைத்த களையை அவர் பாடவில்லை.

சேக்கிழார் வேறுவகை. பெரியபுராணத்தின் திருநாட்டுச் சிறப்பில், நீர் பரந்த வயலில் நாற்றின் சுருள் விரிவதைக் கண்டு உழவர் பதம் காட்ட, கடைசியர் களையெடுக்க இறங்குகிறார்கள். சங்குகள் சொரிந்த முத்து காலில் இடறுவதெல்லாம் காவிய மரபு, அதை விட்டுவிடலாம். சுருள் விரிதல் என்னும் குறிப்பு மரபன்று, வயலில் நின்று பார்த்தது. நட்ட நாற்று வேர்பிடித்துப் புதிய இலை விடும் நாட்கள்தாம் களையெடுப்புக்கு ஏற்றவை. அதற்கு முன்னால் இறங்கினால் நாற்றே பெயர்ந்துவிடும். பிந்தினால் களை தூர்கட்டிக்கொள்ளும். மூன்று புலவர்களில் உழவின் காலத்தைச் சரியாகக் குறித்தவர் இவரே என்பேன். அதே பகுதியில், நெல் கரும்பளவு வளர்ந்திருந்தது, கரும்பு கமுகளவு நின்றது என்று ஒன்றை மற்றொன்றாக மயங்கும் காட்சியையும் வைக்கிறார். அந்த மயக்கம் வளத்தைச் சொல்ல வந்தது; களையைச் சொல்ல அவரும் பயன்படுத்தவில்லை.

நெய்தல், ஆம்பல், குவளை, தாமரை: இந்தப் பட்டியலுக்குப் பொதுவான ஒரு தன்மை உண்டு. எல்லாம் அகன்ற இலையும் கண்ணைப் பறிக்கும் பூவும் உடையவை. நெல்வயலில் இவற்றை அடையாளம் காண எந்தப் பயிற்சியும் வேண்டாம். வயலையே பார்த்திராத நகரத்துப் பிள்ளை கூட ஆம்பலையும் நெல்லையும் குழப்பிக்கொள்ளாது. அப்படியானால் கடைசியரின் திறமை எங்கே இருந்தது? பாட்டுக்குள் வராத புல்லில் இருந்தது.

அந்தப் புல்லைக் குதிரைவாலிப் புல் என்று பொதுவாகச் சொல்லலாம். தாவரவியலார் எக்கினோகுளோவா என்னும் பேரினத்தில் வைப்பது. கோரைகளும் நெல்வயலில் உண்டு. ஆனால் கோரையின் தண்டை விரலிடையில் உருட்டினால் முக்கோணம் தட்டுப்படும், காட்டிக்கொடுத்துவிடும். குதிரைவாலிப் புல் அப்படியில்லை. நெல்லைப் போலவே புல்லினம். நெல்லைப் போலவே நீண்ட இலை, உருண்ட தாள், சேற்றில் கால். காற்றுக் குறைந்த நீரடி மண்ணிலும் முளைக்கும். சித்திரை வெயிலில் ஒளிச்சேர்க்கையில் நெல்லைவிட விரைவானது. ஆகவே சொர்ணவாரியில் அதன் கை ஓங்கியே இருக்கும். நாற்றங்காலில் நெல்லோடு முளைத்து, நாற்றோடு பறிக்கப்பட்டு, முடியில் கட்டப்பட்டு, நடுபவர் கையாலேயே வயலில் வரிசையில் நடப்பட்டுவிடும். வேறெந்தக் களைக்கும் இந்த உபசாரம் கிடையாது.

வேறுபாடு இல்லாமல் இல்லை. நெல்லின் இலை தாளைவிட்டுப் பிரியும் மூட்டில் வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று நாக்கைப் போல் எழுந்து நிற்கும். அதன் இருபுறமும் மயிர் முளைத்த சிறு காதுகள் தண்டைப் பற்றியிருக்கும். குதிரைவாலிப் புல்லில் அந்த மூட்டு வழவழவென்று வெறுமையாக இருக்கும், நாக்குமில்லை, காதுமில்லை. புல்லினங்களைப் பிரித்தறியத் தாவரவியலார் முதலில் பார்ப்பது இந்த மூட்டைத்தான். கோவை வேளாண் கல்லூரியைச் சேர்ந்த ரங்காச்சாரி தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-இல் வெளியிட்ட ஆங்கிலக் கையேடும், தாதுலிங்கமும் வெங்கடநாராயணாவும் தென்னிந்தியக் களைகளைப் பற்றி 1932-இல் வெளியிட்ட கையேடும் இத்துறையின் முன்னோடி நூல்கள். புற்களையும் களைகளையும் படத்தோடும் உறுப்பு விவரத்தோடும் பெயரிட்டுப் பதிந்தவை. நம் காவியங்கள் விட்டுச்சென்ற இடத்தை அரசாங்க அச்சகம் நிரப்பியது என்பது சற்று வேடிக்கையான செய்தி.

ஆனால் முழங்கால் சேற்றில் குனிந்து, நாளெல்லாம் வயலைக் கடக்கும் பெண் ஒவ்வோர் இலை மூட்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுடைய முறை வேறு. பழகியவர்களைக் கேட்டால் பார்ப்பதைவிடத் தொடுவதைத்தான் முதலில் சொல்வார்கள். நெல்லிலை விரலைச் சுரசுரவென்று அராவும், புல்லிலை வழுக்கும். புல்லின் நடுநரம்பு வெளுத்துத் தெரியும். அடித்தாளில் செம்மையோ ஊதாவோ ஓடியிருந்தால் ஐயமில்லை. இளநெல்லின் பச்சைக்கும் புல்லின் பச்சைக்கும் ஒரு மாற்று வேறுபாடு உண்டு. அதைச் சொல்லால் விளக்கச் சொன்னால் முடியாது, வயலில் நின்று காட்டத்தான் முடியும். ஊருக்குள் தறியில் உட்கார்ந்திருப்பவர் பாவில் அறுந்த இழையைக் கண்ணுக்கு முன்னால் விரலால் கண்டுபிடித்துப் பிணைப்பார். அந்த விரலுக்கும் இந்த விரலுக்கும் தேர்ச்சியில் பெரிய வேறுபாடில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. களையெடுப்போ கூலிக்கணக்கில் 'பெண்ணாள்' என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்.

இந்த எண்களைக் கவனமாகச் சேகரித்தவர்களும் உண்டு. வட ஆர்க்காட்டு வயல்கள் உலகப் பொருளியலாளர் நன்கறிந்தவை. 1973-74-இல் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் கேம்பிரிட்ஜ், சென்னை ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய கள ஆய்வு, பி. எச். ஃபார்மர் தொகுத்த நூலாக 1977-இல் வந்தது. பத்தாண்டு கழித்து அதே பகுதியை மீண்டும் ஆய்ந்ததன் விளைவு, பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட நூல். பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 தொடங்கி ஆரணி நகரையே நாற்பதாண்டு தொடர்ந்து கவனித்து, 2015-இல் ஒரு பெருநூலைத் தொகுத்தார். பசுமைப் புரட்சியால் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது இவற்றின் அடிப்படை வினா, தேவையான வினா. அத்தகைய ஆய்வுகளில் களையெடுப்பு வேலைநாள்களாக எண்ணப்படுகிறது. அந்த வேலைநாளுக்குள் இருந்த அறிவை எண்ணுவது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

அதை எதிர்பாராத ஓர் இடம் எண்ணி வைத்திருக்கிறது. அதற்கு நாம் ருஷ்யா வழியாகச் சீனா வரை போய்வர வேண்டும்.

நிகொலாய் வவிலோவ் (1887-1943) பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகைச் சுற்றிய ருஷ்யத் தாவரவியலார். ஆசிய மலைநாடுகளில் கோதுமை வயல்களுக்குள் ரை என்னும் தானியம் களையாக நிற்பதைக் கண்டார். உயரம் கூடக்கூடக் குளிர் தாங்காமல் கோதுமை குறைகிறது, களை பெருகுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் உழவர்கள் அந்தக் களையையே பயிராக ஏற்றுக்கொண்டார்கள். பயிரைப் போலிருந்ததால் பிடுங்கப்படாமல் தப்பி, தப்பியதால் மேலும் பயிரைப் போலாகி, இறுதியில் பயிராகவே ஆன களை! மனிதர் அறியாமல் செய்யும் இந்தத் தேர்வினால் களை பயிரின் உருவை ஏற்பதை இன்று வவிலோவின் பெயராலேயே வழங்குகிறார்கள். அவர் வாழ்வின் முடிவு கொடியது. ஸ்டாலின் ஆட்சியில் 1940-இல் கைது செய்யப்பட்டு, 1943 ஜனவரியில் சரட்டோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உலகின் உணவு விதைகளைத் திரட்டியவர் அவர்.

நெல்வயல் குதிரைவாலிப் புல் இந்தத் தேர்வுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சாலையோரத்திலும் மேட்டிலும் வளரும் அதன் உறவுகள் படர்ந்து, சாய்ந்து, அடித்தாள் சிவந்து நிற்கும். நெல்வயலுக்குள் தங்கிய வகையோ நெட்டுக்குத்தாய், அடி பச்சையாய், தூர் நெருங்கி நிற்கிறது. சீன ஆய்வாளர்கள் யாங்சி ஆற்றுப் படுகையின் நெல்வயல்களிலிருந்து 328 மாதிரிகளைச் சேகரித்து, மரபணுத் தொகுதியைப் படித்து, முடிவுகளை 2019-இல் வெளியிட்டனர். நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கும் வகை அங்கே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து உருவானது என்பது அவர்கள் கணிப்பு. தூரின் சாய்வுக்கோணத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு உட்பட, செடியின் உருவமைப்புக்குரிய பல மரபணுக்களில் தேர்வின் தடம் இருந்தது. தேர்ந்தது யார்? களையெடுத்த கை. சாய்ந்து நின்றதை, சிவந்து நின்றதை அது பிடுங்கியது. நெல்லாய்த் தோன்றியதை விட்டது. அடுத்த தலைமுறை விதை விட்டதிலிருந்துதான் வந்தது.

ஆயிரம் ஆண்டு என்பது சீனத்தில் சோங் அரசமரபின் காலம். யாங்சிப் பகுதியில் மக்கள் பெருகி நெற்சாகுபடி செறிந்த காலம். 1012-இல் சம்பா நாட்டு நெல் அங்கே அரசாணையால் பரப்பப்பட்டதும் அப்போதுதான். (சம்பா என்றவுடன் நம்மவர் துள்ள வேண்டாம். அது இன்றைய வியட்நாம் கரையிலிருந்த ஒரு நாடு.) அங்கே சோங் என்றால் இங்கே சோழர். முதலாம் இராசராசன் அந்த நெல் பரவிய நாட்களில் தஞ்சையில் ஆண்டுகொண்டிருந்தான். சேக்கிழாரும் கம்பரும் எழுதும்போது அந்தப் புல் யாங்சிக் கரையில் நிமிர்ந்து நிற்கப் பழகிவிட்டிருந்தது.

சீன வயலின் கணிப்பை நம் வயலுக்கு அப்படியே பொருத்துவது தகாது. நாற்று நடவும் கைக்களையும் இங்கே அதற்கு வெகுகாலம் முந்தியவை என்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இங்குள்ள புல்லும் நாற்றைப் போல நிற்கிறது. அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன். கல்வெட்டு இடவில்லை, ஓலை எழுதவில்லை என்று நாம் வருந்தும் உழைப்பாளிகள் ஒரு புல்லின் மரபணுவில் தம் கைத்தடத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பது, வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்று மீண்டும் யோசிக்க வைக்கிறது. அவர்கள் தேர்ச்சி கூடியவர்களாக இருக்க இருக்கத்தான் புல்லும் நுட்பமாக நடிக்க வேண்டியிருந்தது. மெத்தனமான கண்ணுக்கு முன்னால் நடிப்பே தேவையில்லை.

இங்கே இரண்டு பழைய நூல்களோடு சற்று வாதிடத் தோன்றுகிறது. மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், கோதுமைக்குள் பகைவன் விதைத்த களையைப் பிடுங்கட்டுமா என்று ஊழியர் கேட்க, கோதுமையும் சேர்ந்து பெயர்ந்துவிடும், அறுவடைமட்டும் இரண்டும் வளரட்டும் என்கிறான் எசமான். அந்தக் களையை டார்னல் என்னும் புல்லாக அறிஞர் கொள்வர். அதன் மணி முற்றியும் உதிராமல் கோதுமையோடே அறுவடைக்கு வரும்; அறுத்தபின் பிரிக்கலாம். அந்த நாட்டுக்கு அந்த அறிவுரை பொருந்தும். குதிரைவாலிப் புல்லிடம் அது செல்லாது. நெல் முற்றுமுன்னே அது மணியை உதிர்த்துவிடும். அறுவடைவரை பொறுத்தவன் அடுத்த பருவத்தில் இரட்டிப்பாய்க் களையெடுப்பான். குறளோ, கொடியவரை அரசன் தண்டிப்பதைப் பைங்கூழில் களை கட்டதற்கு ஒப்பிடுகிறது. கொடியவர் யார் என்பது அங்கே முன்பே முடிவாகிவிட்டது; ஒறுப்பது மட்டும் மிச்சம். களையெடுக்கும் பெண்ணிடம் கேட்டிருந்தால், பிடுங்குவது எளிது, எதைப் பிடுங்குவது என்பதே வேலை என்று சொல்லியிருப்பாள். அரசியலுக்கு இந்த உவமையை எடுத்தாள்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

1966-இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லும் அதன் வழிவந்த குட்டைவகைகளும் வயலின் நிலவரத்தை மாற்றின. பழைய நெடுநெல் விரைந்து உயர்ந்து நிழல் பரப்பிப் புல்லை அடக்கும். குட்டை நெல்லுக்கு அந்த நிழல் இல்லை; போட்ட உரமோ புல்லுக்கும் சேர்ந்தே போயிற்று. முன்னைவிடக் கவனமான களையெடுப்பு வேண்டியதாயிற்று. கூடவே வந்தவை களைக்கொல்லிகள். 1940களில் கண்டறியப்பட்ட 2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லினத்தை விட்டுவிடும். அதாவது புலவர்கள் பாடிய களைகளையெல்லாம் கொன்றுவிட்டு, அவர்கள் பாடாமல் விட்டதை அதுவும் விட்டுவிட்டது. பிறகு பியூட்டாகுளோர் போன்றவை வந்தன. நட்ட மூன்றாம் நாள் மணலில் கலந்து தூவினால் முளைக்கும் புல் முளையிலேயே கருகும். அங்கே அடையாளம் காணுதல் என்பதே கிடையாது. வேர்பிடித்த நாற்று தப்பும், பிந்தி முளைப்பது மாளும். வயதுதான் வேறுபாடு.

புரொப்பனில் என்னும் மருந்தின் கதை இன்னும் விந்தையானது. புல்லைக் கொல்லும் அது நெல்லை ஒன்றும் செய்யாது. ஏனெனில் நெல்லின் இலையில் அந்த நஞ்சை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, புல்லில் அது போதிய அளவில் இல்லை. கண்ணும் விரலும் தடுமாறும் இடத்தில் வேதியியல் பிரித்தறிந்தது. அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநில நெல்வயல்களில் இதைப் பல்லாண்டு தெளித்தார்கள். 1990களில் மருந்துக்கு மசியாத குதிரைவாலிப் புல்லை அங்கே ஆராய்ந்தபோது, அந்த நொதியின் செயல் அதிலும் கூடியிருந்தது தெரியவந்தது. வெளியே நெல்லைப் போல நின்ற புல், இப்போது உள்ளேயும் நெல்லைப் போலாகிவிட்டது.

மனிதர் அடையாளமிட்டுப் பார்த்ததும் உண்டு. மத்திய இந்தியாவின் விதைப்பு வயல்களில் தொல்லை தருவது காட்டு நெல். அது களையாயினும் நெல்லேதான். நாக்கும் காதும் அதற்கும் உண்டு. பிரித்தறிய ஒரே வழியாக, ஊதா இலை கொண்ட நெல்லை விதைத்தார்கள். பச்சையாய் முளைப்பதெல்லாம் களை. ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் சியாமளா அத்தகைய வகை. உத்தி எளிது, அழகானது. ஆனால் நெல்லும் காட்டு நெல்லும் தமக்குள் மகரந்தம் பரிமாறிக்கொள்பவை. ஊதா நெல்லைத் தொடர்ந்து விதைத்த இடங்களில் காட்டு நெல்லும் ஊதா இலை விடத் தொடங்கியது.

ஆரணிப் பக்கத்து வயல்களில் இன்று கைக்களைக்கு ஆள் கிடைப்பது அரிது. இளம்பெண்கள் பலர் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிப் போகிறார்கள். நிழலில் வேலை, மாதச் சம்பளம். அவர்கள் போவதைக் குறைசொல்ல வரப்பில் நின்று கவிதை படித்தவனுக்கு உரிமையில்லை. ஒற்றை நாற்று நடவு பரவியபின் உருளைக் களைக்கருவி வந்தது. மடகாஸ்கரில் பாதிரியார் ஹென்றி த லொலானி 1980களில் உருவாக்கிய சாகுபடி முறையோடு சேர்ந்தது அது. சதுர வரிசையில் நட்டு, வரிசைகளுக்கிடையே கருவியை உருட்டினால், இடைவெளியில் இருப்பதெல்லாம் சேற்றில் அமிழும். எது நெல், எது புல் என்று கருவி கேட்பதில்லை. வரிசையில் நிற்பது பயிர், வெளியில் நிற்பது களை. வரிசைக்குள்ளேயே, நெல்லின் தூரை ஒட்டியே நிற்கும் புல் அதற்கு அகப்படாது. அறுவடை கடந்தும் தங்கிய களைமணிகளை ஆலையில் நிறம் பார்க்கும் சார்டெக்ஸ் எந்திரம் காற்றால் ஊதித் தள்ளுகிறது. முன்பு முறத்தோடு உட்கார்ந்து அதைச் செய்தவர்களும் பெண்களே.

கருவி விட்ட புல்லுக்காக இன்றும் சில பெண்கள் இறங்குகிறார்கள்; பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். பக்கத்துக்கொருவராய் வரிசை பிடித்து, தூரைக் கையால் கோதி, சுரசுரப்பில்லாத இலை தட்டுப்பட்டதும் அடியோடு பறித்து, வேர்ச்சேற்றை நீரில் அலசி இடக்கையில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். நிறைந்த பிடி வரப்புக்கு வரும். பிடுங்கிய குதிரைவாலிப் புல் கறவை மாட்டுக்கு நல்ல தீவனம். இதே பேரினத்தைச் சேர்ந்த குதிரைவாலியைப் புன்செய்க்காரர் விதைத்து அறுத்துச் சோறாக்கி உண்டதும், இப்போது நகரத்துக் கடைகளில் அது சிறுதானியம் என்ற பெயரில் பொன்னியைவிட விலையேறி நிற்பதும் வேறு கதை. மாலையில் வேலை முடித்துக் கரையேறும்போது, வரப்பில் குவிந்ததைக் கட்டாகக் கட்டி, கூலியோடு அதையும் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.